திங்கட்கிழமை, இரண்டாம் ஷிப்ட்

ஜெலுத்தோங்கில் கடைவீட்டு மாடி, டயாலிசிஸ் நிலையம்.
நாலாம் நம்பர் நாற்காலி என்னுடையது.
எடை பார்த்தாயிற்று:
இரண்டேகால் கிலோ கூடுதல், அத்தனையும் தண்ணீர்.
சனிக்கிழமை லக்சாவில்
குழம்பையாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

இடது கையில் ஊசி. ஆட்டக் கூடாது.
வலது கையில் புத்தகம்.
லோரோங் கூலிட் பழைய சந்தைக்கு
ரைஸ் குக்கர் மூடி தேடிப் போனவள்
இரண்டு வெள்ளி கொடுத்து இதை வாங்கி வந்தேன்.
மூடி இன்னும் கிடைக்கவில்லை.
உள்ளட்டையில் பென்சில் எழுத்து:
'தர்ஷிகா, 4 மல்லிகை. எடுத்தால் கை வீங்கும்.'
எடுத்துவிட்டேன், தர்ஷிகா.
கை முன்பே வீங்கித்தான் கிடக்கிறது.

ஒரு நாட்டில் யாரோ திங்களைத் திருடிவிட்டார்கள்.
வானத்தில் நிலா இல்லை.
ஞாயிறு முடிந்தால் நேரே செவ்வாய்.
மாதம் என்பதே இல்லாததால்
அரண்மனையில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும்
திருடனுக்குச் சிலை வைக்க உண்டியல் குலுக்குகிறார்கள்.

திங்கள், புதன், வெள்ளி,
தலைக்கு நாலு மணி நேரம்.
அந்த உண்டியலில் நானும் போடுவேன்.
திருடா, வந்தது வந்தாய்,
வெள்ளியையும் தூக்கிக்கொண்டு போ.
பர்ஸில் இருக்கும் வெள்ளியை மட்டும் விட்டுவிடு.

திங்களை மீட்கப் புறப்படுகிறாள் நொச்சி என்றொரு சிறுமி.
துணைக்கு ஒரு பேசும் முக்காலி.
"உனக்கு இரண்டே கால். எனக்கு முக்கால்!"
பீற்றிக்கொள்கிறது அது.
"கழித்துப் பார், ஒன்றரை என் பக்கம்"
என்கிறாள் அவள்.
முக்காலி தேம்பித் தேம்பி அழுகிறது.
ஓரத்தில் தர்ஷிகா கழித்துப் பார்த்திருக்கிறாள்.
விடை தப்பு.

அப்புறம் எல்லைக் காவலன் மறிக்கிறான்.
"ஐந்து அடி வை."
வைக்கிறாள்.
"ஐந்துக்கு அடுத்து?"
"ஆறு" என்று வாயெடுத்தவள்
இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள்.

சிரித்துவிட்டேன். அடிவயிற்றுச் சிரிப்பு.
கை ஆடியது, எந்திரம் கத்தியது,
மிஸ்ஸி நோர்லைலா ஓடிவந்து பட்டனை அமுக்கி
என்னையும் சேர்த்து அமுக்குவதுபோல் பார்த்தாள்.

ஐந்தாம் நம்பரில் பாக்சிக் டாவூட்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
அட்டையில் இருந்த மீசைக்காரனை நோக்கி
விரல் நீட்டினார்: "இத்து அப்பா?"
அது என்ன என்று அவர் மலாயில் கேட்டார்.
இது அப்பாவா என்று என் காதில் விழுந்தது.
"அப்பா இல்லை, திருடன்"
என்று தமிழில் சொல்லித் தொலைத்தேன்.
மறுபடி சிரிப்பு. மறுபடி எந்திரம்.

விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை.
மலாயில் சுங்கை ஒரு கரையில், எனாம் மறுகரையில்,
நடுவே நொச்சிபோல் நனைந்து நிற்கிறேன் நான்.
பாக்சிக் மரியாதைக்குத் தலையாட்டினார்.
குளிருகிறது போலும்,
போர்வை கேட்டுக் கூப்பிட்டார்: "மாரி, மிஸ்ஸி, மாரி."
வா என்றார், அவ்வளவுதான்.
மிஸ்ஸி வரவில்லை.
ஜன்னல் தகரத்தில் சடசடவென்று
மழை வந்தது.

இதை யாரிடம் சொல்ல?
கையில் ஒரு நூல், கைக்குள் இரண்டு,
சிவப்பாக, இளஞ்சூடாக, ஓடிக்கொண்டே.
நாற்பது நிமிடம் பாக்கி.
இரண்டு அத்தியாயம் பாக்கி.
நொச்சி திங்களை மீட்டுவிடுவாள்,
இந்த மாதிரிப் புத்தகங்கள் அதை விட்டுவைக்காது.
நான் அதுவரை திருடன் கட்சி.
பஞ்சு ஒட்டும் டேப்பைக் கிழித்து அடையாளம் வைத்தேன்.
மீதி புதனுக்கு.

மிஸ்ஸியின் பேனாவை வாங்கி
முப்பத்தெட்டாம் பக்கத்தில் 'ஒன்றரை' என்று எழுதினேன்.
பிறகு எடை மேடையில் ஏறினேன்.
இரண்டேகால் போயிருந்தது.
மிச்சம் இரண்டே கால்.
அவற்றை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து,
மாடிப்படி இறங்கினேன்.
பஸ் நிற்கும் இடம்வரை நல்ல மழை.